இடப்பக்கத்தை மறந்த கவனமும் ஒரு பட்டகக் கண்ணாடியும்

பக்கவாதம் வந்து, சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவருக்குச் சாப்பாடு வைக்கிறார்கள். தட்டின் வலப்பாதியில் இருந்த சோற்றைச் சுத்தமாகச் சாப்பிட்டு முடிக்கிறார். இடப்பாதி வைத்தது வைத்தபடியே இருக்கிறது. "இன்னும் கொஞ்சம் சோறு போடும்மா" என்று கேட்கிறார். தட்டை அரை வட்டம் திருப்பி வைத்தால் மீதியையும் சாப்பிட்டுவிடுகிறார். சவரம் செய்தால் வலக்கன்னத்தோடு நிறுத்திவிடுவார். சட்டை போட்டால் வலக்கை நுழையும், இடக்கை வெளியே தொங்கும். கடிகாரம் வரையச் சொன்னால், வட்டத்தைப் போட்டுவிட்டு எண்களையெல்லாம் வலப்பக்கத்திலேயே நெருக்கி எழுதுவார். "தலைநகரம்" என்று எழுதியிருப்பதைக் காட்டினால் "நகரம்" என்று படிப்பார்.

இவருக்குக் கண் தெரியவில்லை போலிருக்கிறது என்று வீட்டில் நினைப்பார்கள். அடம் பிடிக்கிறார் என்று கோபப்படுகிறவர்களும் உண்டு. இரண்டுமே தவறு. மூளையின் வலது பாதியில் பக்கவாதம் வந்தவர்களில் பலருக்கு நேரும் இந்த நிலைக்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் பெயர் நெக்லெக்ட். தமிழில் இடப்பக்கப் புறக்கணிப்பு என்று சொல்லலாம். கண் பார்க்கிறது, கவனம் அந்தப் பக்கம் போக மறுக்கிறது. மூளையின் இடது பாதி பாதிக்கப்பட்டு வலப்பக்கத்தை மறப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அது குறைவு, பெரும்பாலும் சீக்கிரம் சரியாகியும் விடும்.

இப்படி ஒரு பக்கமாகச் சாய்ந்துபோன கவனத்தைத் திருப்ப ஒரு வினோதமான பயிற்சி இருக்கிறது. பள்ளி அறிவியல் பாடத்தில் நாம் பார்த்த முப்பட்டகத்தை மூக்குக்கண்ணாடியில் பொருத்தி, நோயாளியைச் சில நிமிடங்கள் கை நீட்டிப் புள்ளிகளைத் தொடச் சொல்வது. அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் படம் வரைவதும் படிப்பதும் மாறுகின்றன. ஏன் மாறுகின்றன என்று தேடிப்போன ஆராய்ச்சியாளர்கள் மூளையின் கவன வலைப்பின்னல்கள் வரைக்கும் வந்து சேர்ந்தார்கள். அந்த வழியைத்தான் இங்கே படிப்படியாகப் பார்க்கப்போகிறோம்.

பார்ப்பது வேறு, கவனிப்பது வேறு

முதலில் இது பார்வைக் கோளாறு இல்லை என்பது மனதில் நன்றாகப் பதியவேண்டும். இத்தாலியைச் சேர்ந்த எத்தோரே பிசியாக், கிளாவ்தியோ லுஸ்ஸாத்தி என்ற இருவர் 1978-ல் வெளியிட்ட ஒரு சோதனை இதற்கு நல்ல சான்று. மிலான் நகரத்தில் பெரிய தேவாலயம் ஒன்றும் அதன் முன்னால் அகன்ற சதுக்கமும் உண்டு. மிலான்வாசிகளுக்கு அந்த இடம் அத்துப்படி. இடப்பக்கப் புறக்கணிப்பு இருந்த இரண்டு நோயாளிகளிடம், சதுக்கத்தின் மறுமுனையில் தேவாலயத்தைப் பார்த்தபடி நிற்பதாகக் கற்பனை செய்து, என்னென்ன கட்டடங்கள் தெரிகின்றன என்று சொல்லுங்கள் என்றார்கள். அவர்கள் பெரும்பாலும் வலப்பக்கத்தில் இருந்தவற்றையே சொன்னார்கள். சரி, இப்போது தேவாலயத்தின் வாசலில் நின்று சதுக்கத்தைப் பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். உடனே பட்டியல் மாறியது. சற்று முன்பு விட்டுப்போன கட்டடங்கள் இப்போது வலப்பக்கம் வந்துவிட்டதால் அவற்றைச் சொன்னார்கள், முன்பு சொன்னவற்றை விட்டுவிட்டார்கள்.

இங்கே கண்ணுக்கு வேலையே இல்லை. எல்லாம் நினைவில் இருக்கிறது. அந்த நினைவின் இடப்பாதியை எட்டிப் பார்க்கத்தான் ஆளில்லை. இந்தத் துறையில் நான் படித்தவற்றில் என்னை மிகவும் உலுக்கியது இந்தச் சோதனைதான். கவனம் என்பது நாம் கண்ணால் செய்கிற ஒன்று என்ற எண்ணத்தை இது அடியோடு கழற்றிவிடுகிறது.

அப்படியென்றால் இடப்பக்கத்துச் செய்தி மூளைக்குள் நுழைவதே இல்லையா? நுழைகிறது. 1988-ல் ஜான் மார்ஷல், பீட்டர் ஹாலிகன் இருவரும் ஒரு நோயாளியிடம் இரண்டு வீடுகளின் படங்களைக் காட்டினார்கள். ஒன்றில் இடப்பக்கம் தீ எரிகிறது, மற்றபடி இரண்டும் ஒன்றே. அவரோ இரண்டு படங்களும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன என்றார். எந்த வீட்டில் குடியிருக்க விரும்புகிறீர்கள் என்று கேட்டபோது, இதென்ன கேள்வி என்று சொல்லிக்கொண்டே பெரும்பாலும் தீ இல்லாத வீட்டையே காட்டினார். தீயைப் பற்றிய செய்தி அவர் மூளைக்குள் எங்கேயோ போய்ச் சேர்ந்திருக்கிறது. அது அவருடைய உணர்வுக்கு வரவில்லை.

இரண்டு வலைப்பின்னல்கள்

கவனத்துக்கென்று மூளையில் தனியாக ஒரு இடம் கிடையாது. தள்ளித் தள்ளி இருக்கும் பல பகுதிகள் ஒன்றுசேர்ந்து இயங்குகின்றன. அதனால்தான் வலைப்பின்னல் என்கிறோம். 2002-ல் மவுரிட்சியோ கொர்பெட்டா, கார்டன் ஷுல்மன் என்ற இருவர் இதை இரண்டாகப் பிரித்துக் காட்டினார்கள். இன்றும் பெரும்பாலோர் அந்தப் பிரிவை வைத்துத்தான் பேசுகிறார்கள்.

முதலாவது, மேல்புற வலைப்பின்னல். உச்சந்தலைக்குச் சற்றுப் பின்னால் இருக்கும் பரைட்டல் பகுதியின் மேற்பாகத்தையும், நெற்றிப் பக்கத்தில் கண் அசைவைக் கட்டுப்படுத்தும் ஒரு பகுதியையும் இது இணைக்கிறது. மூளையின் இரண்டு பாதிகளிலும் உண்டு. பேருந்து நிலையத்தில் நீங்கள் உங்கள் ஊர்ப் பெயர்ப்பலகையைத் தேடுகிறீர்கள் அல்லவா, அப்போது வேலை செய்வது இது. எங்கே பார்ப்பது என்று நாமாக முடிவெடுத்துக் கவனத்தைச் செலுத்துவது இதன் பொறுப்பு.

இரண்டாவது, கீழ்ப்புற வலைப்பின்னல். காதுக்குச் சற்று மேலே பின்னால், டெம்பொரல் பகுதியும் பரைட்டல் பகுதியும் சந்திக்கும் இடத்தையும், நெற்றிப் பகுதியின் கீழ்ப்பாகத்தையும் இணைப்பது. நீங்கள் பலகையைத் தேடிக்கொண்டிருக்கும்போது பின்னால் யாரோ உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், தேடலை விட்டுவிட்டுத் திரும்புகிறீர்களே, அது இதன் வேலை. எதிர்பாராமல் வரும் முக்கியமான ஒன்றுக்காகக் கவனத்தைக் கலைத்துத் திருப்பிவிடுவது. முக்கியமான விஷயம் என்னவென்றால், இந்தக் கீழ்ப்புற வலைப்பின்னல் பெரும்பாலும் மூளையின் வலது பாதியைச் சார்ந்தே இருக்கிறது.

இன்னொன்றும் சேர்த்துத் தெரிந்துகொள்ளவேண்டும். மூளையின் இடது பாதி கவனத்தை வலப்பக்கம் இழுக்கிறது, வலது பாதி இடப்பக்கம் இழுக்கிறது. இரண்டும் எப்போதும் ஒன்றோடொன்று போட்டி போட்டுக்கொண்டே இருக்கின்றன என்பது மார்செல் கின்ஸ்போர்ன் முன்வைத்த கருத்து. இரட்டை மாட்டு வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாடும் சமமாக இழுத்தால் வண்டி நேராகப் போகும். வலது மாடு சோர்ந்துவிட்டால், இடது மாடு முந்த முந்த வண்டி வலப்பக்கமாகத் திரும்பிக்கொண்டே போகும். இடது மாட்டிடம் ஒரு தப்பும் கிடையாது, அது வழக்கம்போல இழுக்கிறது. எதிரே தாங்க ஆளில்லாததால் வண்டி சாய்கிறது.

இது வெறும் உருவகமாக நின்றுவிடவில்லை. 2005-ல் கொர்பெட்டாவின் குழு, இந்த நோயாளிகளைப் பக்கவாதம் வந்த சில வாரங்களிலும் பல மாதங்கள் கழித்தும், மூளையில் எந்தப் பகுதி எவ்வளவு இயங்குகிறது என்று காட்டும் எஃப்.எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் பார்த்தது. காயம் இருந்தது வலது பாதியின் கீழ்ப்புறத்தில். ஆனால் காயமே படாத மேல்புற வலைப்பின்னலும் தடுமாறியிருந்தது. அதன் வலப்பக்கம் மந்தமாகவும் இடப்பக்கம் அதனோடு ஒப்பிடும்போது தூக்கலாகவும் இயங்கின. நாளாக நாளாக நோயாளிகள் தேறியபோது இந்த ஏற்றத்தாழ்வும் குறைந்தது. ஒரு இடத்தில் விழுந்த அடி, தூரத்தில் நல்லபடியாக இருக்கும் இன்னொரு இடத்தின் சமநிலையைக் கெடுக்கிறது. இந்த ஒரு விஷயம் பிடிபட்டால், கண்ணாடிப் பயிற்சி ஏன் வேலை செய்யக்கூடும் என்பதும் பிடிபட்டுவிடும். இறந்துபோன பகுதியை உயிர்ப்பிக்க வேண்டியதில்லை. மிச்சமிருக்கும் பகுதிகளுக்குள் சமநிலையைத் திருத்தினாலே பலன் உண்டு.

சொல்லித் திருத்த முடியாதது

இடப்பக்கம் பார்க்கச் சொல்லிப் பழக்கினால் போதாதா என்று தோன்றும். அதுவும் ஒரு சிகிச்சைதான், இன்றும் பயன்படுகிறது. "இடப்பக்கம் பாருங்க, இன்னும் பாருங்க" என்று தெரபிஸ்ட் நினைவூட்டிக்கொண்டே இருப்பார். இடப்பக்க ஓரத்தில் சிவப்புக் கோடு ஒட்டி, அதைக் கண்டுபிடித்த பிறகே படிக்கத் தொடங்கவேண்டும் என்று பழக்குவார்கள்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. தனக்கு ஏதோ விடுபடுகிறது என்று நோயாளிக்குத் தெரிந்தால்தான் இந்த முறைக்கு அவரே ஒத்துழைக்க முடியும். இவர்களில் பலருக்கு அது தெரிவதில்லை. அவர்களைப் பொறுத்தவரை தட்டு காலி, பக்கம் படித்தாயிற்று, சவரம் முடிந்துவிட்டது. இல்லாத ஒன்றைத் தேடச் சொன்னால் எவ்வளவு நேரம்தான் தேடுவார்கள்? தெரபிஸ்ட் பக்கத்தில் இருக்கும்வரை பார்ப்பார், அவர் எழுந்து போனதும் பழையபடி ஆகிவிடும். அப்புறம் வீட்டில் இருப்பவர்கள் சொல்லிச் சொல்லி அலுத்துப்போவார்கள்.

அறிவுரை நுழையாத இடத்தில் வேறு வழியாக நுழைய முடியுமா? பட்டகப் பயிற்சியின் அருமை இங்கேதான் இருக்கிறது. கவனத்தைப் பற்றி நோயாளியிடம் எதுவுமே பேசாமல், கையின் இயக்கத்தை மட்டும் மாற்றி, அந்த வழியாகக் கவனத்தைத் தொடுகிறது அது.

பயிற்சி நடக்கும் விதம்

பட்டகம் ஒளியை வளைக்கும். அதன் வழியாகப் பார்த்தால் பொருள்கள் இருக்கும் இடத்திலிருந்து சற்றுத் தள்ளித் தெரியும், தடித்த ஓரத்துக்கு எதிர்ப்பக்கமாக. இடப்பக்கப் புறக்கணிப்பு உள்ளவருக்கு, தடித்த ஓரம் இடப்பக்கம் வருமாறு பட்டகத்தைப் பொருத்துவார்கள். ஆக, எல்லாம் வலப்பக்கமாக நகர்ந்து தெரியும். கவனத்தை இடப்பக்கம் திருப்ப நினைக்கிறவர்கள் காட்சியை வலப்பக்கம் தள்ளுகிறார்களே என்று குழப்பமாக இருக்கலாம். கொஞ்சம் பொறுங்கள், காரணம் இருக்கிறது.

நோயாளி மேசை முன்னால் உட்காருகிறார். தலை அசையாமல் இருக்கத் தாடையைத் தாங்கும் ஒரு கட்டை. எதிரே, நடுக்கோட்டுக்கு வலமும் இடமுமாக இரண்டு புள்ளிகள். கை கிளம்பும் இடமும் பாதி தூரமும் ஒரு பலகையால் மறைக்கப்பட்டிருக்கும். விரல் இலக்கை நெருங்கும்போதுதான் கண்ணுக்குத் தெரியும். இந்த மறைப்பு முக்கியம். கையை முழுக்கப் பார்க்க விட்டால், போகும் வழியிலேயே திருத்திக்கொண்டுவிடுவார், பிழை ஏற்படாது. பிழை ஏற்படாவிட்டால் மூளைக்குக் கற்க ஒன்றுமில்லை.

"இந்தப் புள்ளியைத் தொடுங்கள், வேகமாக" என்கிறார் தெரபிஸ்ட். காட்சி 10 டிகிரி விலகியிருந்தால், அரை மீட்டர் தூரத்தில் கிட்டத்தட்ட 9 சென்டிமீட்டர் வித்தியாசம். முதல் தடவை விரல் இலக்குக்கு நன்றாக வலப்பக்கமாகப் போய் விழும். அடுத்த தடவை கொஞ்சம் கிட்டே. சில முயற்சிகளுக்குள் விரல் புள்ளியைத் தொட்டுவிடும். அதற்குப் பிறகும் நிறுத்தாமல் தொடர்ந்து செய்யச் சொல்வார்கள்.

இப்போது கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கண்ணை மூடி நேர் முன்னால் கை நீட்டச் சொல்கிறார்கள். கை இடப்பக்கமாகப் போகிறது. வலப்பக்க விலகலை ஈடுகட்ட மூளை செய்துகொண்ட இடப்பக்கத் திருத்தம், விலகல் போன பின்பும் தங்கியிருக்கிறது. இதைத்தான் பின்விளைவு என்கிறார்கள், சிகிச்சைக்கு வேண்டியதும் இதுவே. காட்சியை வலப்பக்கம் தள்ளியதற்குக் காரணம் இப்போது விளங்கும்.

விலகலுக்கு ஏற்ப மூளை இப்படித் தன்னைப் பழக்கிக்கொள்வதைத் தகவமைப்பு என்பார்கள். இது புதிதாகக் கண்டுபிடித்த ஒன்றில்லை. ஜெர்மனியின் ஹெர்மன் ஃபொன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 19-ஆம் நூற்றாண்டிலேயே இதை விவரித்துவிட்டார். ஆரோக்கியமான யாருக்கும் இது நடக்கும், கொஞ்ச நேரத்தில் கலைந்தும் போகும். இதைக் கொண்டுபோய் புறக்கணிப்பு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தவர் பிரான்ஸின் லியோன் நகரத்தைச் சேர்ந்த ஈவ் ரொசெட்டி. அவரும் அவர் குழுவினரும் 1998-ல் 'நேச்சர்' இதழில் அதை வெளியிட்டார்கள். 10 டிகிரி வலப்பக்க விலகல், 50 தடவை கை நீட்டல், சில நிமிட வேலை. அதற்குப் பிறகு நோயாளிகள் தாளில் வரைந்த ஒரு கோட்டின் நடுப்புள்ளியைக் குறிப்பதிலும், படத்தைப் பார்த்து வரைவதிலும், படிப்பதிலும் தேறினார்கள். விலகல் இல்லாத சாதாரணக் கண்ணாடி போட்டுப் பயிற்சி செய்தவர்களிடம் அந்த மாற்றம் வரவில்லை. தேறியது குறைந்தது 2 மணி நேரம் நிலைத்திருந்தது. சில நிமிடக் கை வேலைக்கு இது மிக நீளமான பலன்.

கையைத் தாண்டி

இதில் ஒரு சந்தேகம் எழுவது நியாயம். கை இடப்பக்கம் சாய்ந்ததால் கோடும் படமும் இடப்பக்கம் சாய்ந்தன, இதில் கவனம் எங்கே வந்தது?

பின்னால் வந்த சோதனைகள் இதற்கு நேரடியாகப் பதில் சொல்கின்றன. லியோன் குழுவைச் சேர்ந்த ஜில் ரோத் முதலானவர்கள், பிரான்ஸ் நாட்டு வரைபடத்தை மனதில் நினைத்து ஊர்ப் பெயர்களைச் சொல்லச் சொன்னார்கள். பயிற்சிக்கு முன் வலப்பக்கத்து, அதாவது கிழக்குப் பகுதி ஊர்களே வந்தன. பயிற்சிக்குப் பின் மேற்குப் பகுதி ஊர்களும் வந்தன. கை நீட்டும் வேலை இதில் துளியும் இல்லை, வாயால் சொல்வது மட்டும்தான். மிலான் சதுக்கத்தில் பார்த்த அதே குறையைக் கண்ணாடிப் பயிற்சி தொட்டிருக்கிறது. இரண்டு காதிலும் ஒரே நேரத்தில் வெவ்வேறு சொற்களை ஒலிக்கவிட்டால் இடக்காதில் விழுவதைத் தவறவிடும் நோயாளிகள், பயிற்சிக்குப் பிறகு அதைக் கூடுதலாகப் பிடித்தார்கள். தொடு உணர்விலும் முன்னேற்றம் பதிவாகியிருக்கிறது.

நாள்கணக்கில் தொடர்ந்தால் என்ன ஆகும்? 2002-ல் இத்தாலியில் ஃபிரான்செஸ்கா ஃபிராஸினெத்தி முதலானவர்கள் ஒரு சிறு நோயாளிக் குழுவுக்குத் தினம் இரண்டு தடவை, இரண்டு வாரம் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சி முடிந்து 5 வாரம் கழித்துப் பார்த்தபோதும் முன்னேற்றம் நிலைத்திருந்தது.

மூளைக்குள் நடப்பது

இனி இந்தக் கட்டுரையின் மையத்துக்கு வருவோம். கையில் தொடங்கிய மாற்றம் கவனத்தை எப்படி எட்டுகிறது?

தகவமைப்பில் இரண்டு அடுக்குகள் உண்டு. முதல் சில முயற்சிகளில் நடப்பது தெரிந்தே செய்கிற திருத்தம்: "வலப்பக்கம் போய்விட்டது, அடுத்து கொஞ்சம் இடப்பக்கம் நீட்டுவோம்". இதற்குப் பரைட்டல் பகுதி துணை நிற்கிறது. பிழையைக் கண்டுகொள்வதும் உடனடியாகத் திருத்துவதும் அங்கே நடக்கின்றன. அப்புறம் மெதுவாக, நமக்குத் தெரியாமலே, கண் சொல்லும் இடத்தையும் கை உணரும் இடத்தையும் மூளை புதிதாகப் பொருத்திக்கொள்கிறது. இந்த இரண்டாவது வேலையில் சிறுமூளைக்குப் பெரிய பங்கு. பட்டகக் கண்ணாடி வழியாகக் களிமண் உருண்டையை இலக்கில் எறியச் சொன்ன ஒரு சோதனை 1996-ல் வெளியானது. ஆரோக்கியமானவர்கள் சில எறிகளில் பழகிவிட்டார்கள். சிறுமூளை பாதிக்கப்பட்டவர்களில் பலருக்குப் பழக முடியவில்லை. எறிந்துகொண்டே இருந்தார்கள், விலகல் குறையவே இல்லை.

பின்விளைவைத் தருவது இந்த இரண்டாவது அடுக்கு. தெரிந்தே செய்யும் திருத்தம் கண்ணாடியைக் கழற்றியதும் போய்விடும். அதனால்தான் சில தடவையில் விரல் சரியாகத் தொட்ட பிறகும் நிறுத்தாமல் தொடரச் சொல்கிறார்கள். சிறுமூளைக்கு அந்தக் கூடுதல் நேரம் வேண்டும். புறக்கணிப்பு நோயாளிகளில் பெரும்பாலோர்க்கு அடிபட்டிருப்பது பெருமூளையின் வலது பாதி. சிறுமூளை நன்றாக இருக்கிறது. கெடாத ஒரு கருவியைக் கொண்டு கெட்டுப்போன சமநிலையைத் திருத்துகிற ஏற்பாடு இது.

சிறுமூளையிலிருந்து பெருமூளைக்குச் செய்தி ஏறும்போது, அளவுக்கு மீறி இழுத்துக்கொண்டிருக்கும் இடது பரைட்டல் பகுதி தணிகிறது என்பது லியோன் குழு முன்வைத்த விளக்கம். இடது மாட்டின் கயிற்றைக் கொஞ்சம் இழுத்துப் பிடிப்பது மாதிரி.

சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத்தில் ஸ்டெஃபனி கிளார்க், சோனியா க்ரோட்டாஸ்-ஹெர்பெட் குழுவினர் வேறொரு கோணத்தில் பார்த்தார்கள். ஆரோக்கியமானவர்களுக்கு வலப்பக்க விலகல் பயிற்சியைக் கொடுத்து, அதற்கு முன்னும் பின்னும் எஃப்.எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். 2014-ல் வந்த முடிவு இது: மூளையின் இடது பாதியில் உள்ள கீழ்ப் பரைட்டல் பகுதி, பயிற்சிக்குப் பிறகு, இடப்பக்கத்தில் தோன்றும் காட்சிகளுக்கும் கூடுதலாகப் பதிலளித்தது. சாதாரணமாக இது வலது பாதியின் பொறுப்பு என்பதை நினைவில் வையுங்கள். கீழ்ப்புறக் கவனத்தில் வலது பாதிக்கு இருக்கும் ஆதிக்கம் இடது பாதிக்குக் கொஞ்சம் கைமாறுகிறது, அதன் பலனாக மேல்புற வலைப்பின்னலின் சமநிலை திரும்புகிறது என்பது அவர்கள் தரும் விளக்கம். பின்னர் வலது மூளை பாதிக்கப்பட்ட நோயாளிகளையும் ஸ்கேன் செய்து பார்த்தார்கள்.

எனக்கு இந்த இரண்டாவது விளக்கம் அதிகம் பிடித்திருக்கிறது. முதல் விளக்கத்தில் இடது பாதி அடக்கப்படவேண்டிய ஒன்று. இரண்டாவதில் அது அண்டை வீட்டின் பொறுப்பையும் ஏற்றுக்கொள்கிறது. நோயாளிக்கு இடப்பக்கத்து ஊர்ப் பெயர்கள் நினைவுக்கு வந்ததையும், இடக்காதில் ஒலி கேட்டதையும் இது இயல்பாக விளக்குகிறது. இரண்டும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல, ஒரே நேரத்தில் இரண்டும் நடக்கலாம்.

எதிர்த்திசையில் செய்தால்? 2000-ல் லியோன் குழுவே ஆரோக்கியமானவர்களுக்கு இடப்பக்கம் விலக்கும் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தது. பயிற்சிக்குப் பின் அவர்கள் கோட்டின் நடுவைச் சற்று வலப்பக்கமாகக் கணித்தார்கள். புறக்கணிப்பின் மிக மெல்லிய சாயல், அதுவும் தற்காலிகமாக. வலப்பக்கக் கண்ணாடி ஆரோக்கியமானவர்களின் கணிப்பில் இப்படி ஒரு மாற்றத்தைக் காட்டவில்லை. இரண்டு திசைகளும் சமமில்லை. கையின் பின்விளைவு இரண்டு திசையிலும் ஒரே மாதிரி வருகிறது, கவனத்தின் மாற்றம் அப்படி வருவதில்லை. மூளையின் இரண்டு பாதிகளும் கவனத்தைச் சமமாகப் பங்கிட்டுக்கொள்ளவில்லை என்பதற்கு இதுவும் ஒரு சாட்சி.

எதிர்பார்ப்பு எவ்வளவு இருக்கலாம்

இதைப் படித்துவிட்டு, கண்ணாடி போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. 2003-ல் வெளியான ஒரு சோதனையைச் சொல்லவேண்டும். ஒரு முகத்தின் பாதி சிரிக்கிறது, மறுபாதி சிரிக்கவில்லை, அப்படிப்பட்ட படங்களை ஒரு நோயாளிக்குக் காட்டினார்கள். பயிற்சிக்குப் பிறகு அவருடைய கண் இடப்பாதியை நன்றாகவே மேய்ந்தது. ஆனால் எந்த முகம் சந்தோஷமாக இருக்கிறது என்று கேட்டபோது, முன்பு போலவே வலப்பாதியை வைத்தே முடிவு சொன்னார். கண் போய்விட்டது, கருத்து போகவில்லை. எங்கே பார்ப்பது என்று தீர்மானிக்கும் மேல்புற வழியில் பயிற்சி நன்றாக வேலை செய்கிறது, பார்த்ததை இன்னதென்று அறியும் வழியில் அவ்வளவாகச் செய்வதில்லை என்று சில ஆய்வாளர்கள் கருதுவதற்கு இது ஒரு காரணம்.

அதேபோல, அன்றாட வாழ்க்கையில் எவ்வளவு உதவுகிறது என்று பார்த்த சோதனைகளின் முடிவுகள் ஒன்றுபோல இல்லை. உடை மாற்றுவது, தானாகச் சாப்பிடுவது, நடமாடுவது ஆகியவற்றில் சில ஆய்வுகள் முன்னேற்றம் கண்டன. பிரிட்டனில் 2010-ல் வந்த ஒன்றும், நெதர்லாந்தில் 2017-ல் வந்த ஒன்றும், ஒப்பீட்டுக்காக விலகல் இல்லாத போலிக் கண்ணாடி போட்ட குழுவைவிடப் பெரிய லாபம் எதையும் காணவில்லை. பட்டகத்தின் வலிமை ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது, பயிற்சி நாட்கள் மாறுகின்றன, பக்கவாதம் வந்து எத்தனை நாளில் தொடங்குகிறார்கள் என்பதும் மாறுகிறது. முதல் சில மாதங்களில் நோயாளிகள் தாமாகவே நிறைய தேறுவதால் பயிற்சியின் பங்கைப் பிரித்தறிவதும் கடினம். இவற்றையெல்லாம்விட முக்கியம், புறக்கணிப்பு என்பது ஒரே நோய் இல்லை. மூளையில் எங்கே அடி விழுந்தது என்பதைப் பொறுத்து ஆளுக்கு ஆள் வேறுபடும். லோசான் குழுவின் விளக்கம் சரியென்றால், இடது பாதியில் அந்தக் கீழ்ப் பரைட்டல் பகுதி நன்றாக இருப்பவருக்கும், முன்பே அங்கேயும் பாதிப்பு உள்ளவருக்கும் பலன் ஒன்றாக இருக்க வாய்ப்பில்லை. எல்லோரையும் ஒரே கூடையில் போட்டுச் சராசரி பார்த்தால் யாருக்கு உதவியது என்பது மறைந்துவிடும். யாருக்குக் கொடுப்பது என்ற கேள்விக்குத்தான் இந்தத் துறை இனி அதிகம் உழைக்கவேண்டும் என்று நினைக்கிறேன்.

வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் சில விஷயங்கள் கவனத்தில் இருக்கட்டும். அவர் இடப்பக்கத்தைத் தவறவிடுவது சோம்பலாலோ பிடிவாதத்தாலோ இல்லை, அதனால் கோபத்தால் அது திருந்தாது. சாலையில் நடக்கும்போது அவருக்கு இடப்பக்கமாக நீங்கள் நடங்கள். சக்கர நாற்காலியின் இடப்பக்கம் கதவு நிலையில் இடிக்கும், இடக்கை சக்கரத்தில் மாட்டும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். நரம்பியல் மருத்துவரிடமோ ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடமோ புறக்கணிப்புக்குச் சோதித்தீர்களா என்று வாய்விட்டுக் கேளுங்கள். கோட்டின் நடுப்புள்ளியைக் குறிப்பது, தாளில் சிதறியிருக்கும் குறிகளைத் தேடி அடிப்பது போன்ற எளிய தாள்-பென்சில் சோதனைகளிலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும். பட்டகக் கண்ணாடியை வாங்கி நாள் முழுக்க மாட்டிவிடுவது இந்தச் சிகிச்சை ஆகாது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நடமாடினால் தடுக்கி விழும் ஆபத்துதான் கூடும். வேலை செய்வது அந்தச் சில நிமிடங்களில் கை செய்யும் பிழையும், அதை மூளை திருத்திக்கொள்வதும். எவ்வளவு விலகல், எத்தனை தடவை, எத்தனை நாள் என்பதைத் தெரபிஸ்ட்தான் முடிவு செய்யவேண்டும்.